மரியாதை எடை

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு சின்ன சண்டை.

காரணம், பிளாட்பாரத்தில் நிற்கும் எடை பார்க்கும் மெஷின். உங்களுக்கும் தெரிந்ததுதான். கலர் கலராக பல்பு மின்னும், உள்ளே ஒரு சக்கரம் சுற்றும். காசைப் போட்டால் 'டக்'கென்று ஒரு அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம்.

பீச் ட்ரெயின் வர பத்து நிமிஷம் இருந்தது. சாந்தி ஏறி நின்றாள். அட்டை விழுந்தது. ஜோசியத்தை மட்டும் சத்தமாகப் படித்தாள். 'நீங்கள் பிறர் மனம் நோகாமல் பேசக்கூடியவர்.'

"எடை எவ்வளவு?" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க பார்ப்போம். ஏர்போர்ட்ல அத்தனை பேரை எடை போட்டவராச்சே!"

ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தேன். "அறுபத்தஞ்சு."

அட்டையைத் திருப்பினாள். அதிலும் அறுபத்தைந்து.

அவ்வளவுதான்... குரோம்பேட்டை தாண்டும்வரை பேச்சு இல்லை. பல்லாவரத்தில்தான் வாயைத் திறந்தாள். "அம்பத்தெட்டுன்னு சொன்னா உங்களுக்கு வாயா வலிக்கும்?"

சரியாகச் சொன்னதற்கு ஒரு மனுஷனுக்கு இந்தத் தண்டனையா? ஆனால் என்ன செய்ய, குறைத்துச் சொல்ல எனக்கு வராது. ஒரு காலத்தில் நன்றாகவே வந்தது. அதை விட்ட கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

இந்தப் பத்தியை எழுத வருவதற்கு முன்னால் நான் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எண்பதுகள். அங்கே பெரிய விமானக் கம்பெனி ஒன்று. ஜெட் விமானங்கள், நீளமான கவுன்ட்டர், பம்பாய், டெல்லி, கல்கத்தா என்று பெரிய பெரிய போர்டுகள். அந்தக் கவுன்ட்டர் முடிகிற இடத்தில், ஒரு தூணுக்குப் பின்னால், ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு பிளாட்பாரத் தராசு. அதுதான் எங்கள் கம்பெனி. பெயரெல்லாம் எதற்கு? ஏர்போர்ட்டில் எல்லோரும் அந்தப் பெரிய கம்பெனியைப் 'பெரிசு' என்போம், எங்களைச் 'சின்னது' என்பார்கள்.

சின்னது எதற்குப் பிறந்தது? பெரிசின் ஜெட் இறங்க நீளமான ரன்வே வேண்டும். சின்ன ஊர்களில் அதற்கு எங்கே போவது? அதற்காக அந்த ஊர்க்காரர்களுக்கு பம்பாயில் வேலை இருக்கக் கூடாதா என்ன? அதனால் பத்தொன்பது சீட் விமானம் நாலைந்தை வாங்கி, வாலில் ஒரு புதுப் பெயரை எழுதி, எங்களைக் கிளப்பி விட்டார்கள். சின்ன ஊரில் இறங்கி, கிடைத்த ஆட்களை அள்ளிக்கொண்டு வந்து பெரிசின் வாசலில் விடவேண்டும். பெரிசிலிருந்து இறங்குகிறவர்களைத் திரும்பக் கொண்டுபோய் ஊரில் சேர்க்கவேண்டும். மாடம்பாக்கத்திலிருந்து டவுன் பஸ் ஆட்களை ஏற்றி வந்து தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு விடுகிறதே, அதே வேலைதான். எங்கள் பஸ் பறக்கும், அதுதான் வித்தியாசம்.

டிக்கெட் புத்தகம்கூட பெரிசுடையது. பெரிசின் சூப்பர்வைசர் காலையில் எங்களைத் தாண்டிப் போகும்போது, "என்னப்பா, உங்க பொம்மை பிளேன் கெளம்பிடுச்சா?" என்பார். நாங்களும் சிரித்து வைப்போம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். தாம்பரத்தில் வளர்ந்தவனுக்கு விமானம் ஒரு அதிசயமே இல்லை. ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம் காலையிலிருந்து தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும். சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். அப்படிப்பட்ட நான், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எங்கள் பொம்மை கிளம்புவதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். அரைமணி நேரம் முன்னால் என்னிடம் "பாத்ரூம் எங்க சார்?" என்று கேட்டவர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார். அவர் எத்தனை கிலோ என்று என் கையால் ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாளை நம்பி அது தரையை விட்டு எழும்புகிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆமாம், எழுதியிருக்கிறேன். சின்ன விமானத்தில் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றவேண்டும். யார் முன்னால் உட்காருவது, யார் பின்னால் உட்காருவது என்பதுகூட எடையைப் பார்த்துத்தான். பயணிகள் வரிசையாக வந்து தராசில் நிற்பார்கள். எங்கள் லோடர் கன்னியப்பன் தராசுக் கம்பியில் குண்டை நகர்த்தி எடையைச் சொல்லுவான். நான் எழுதுவேன். மொத்தத்தைக் கூட்டி கேப்டனிடம் கொடுப்பேன்.

ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. சிலர் ரெண்டு தடவை ஏறுவார்கள். பெண்களிடம் எப்படிச் சொல்வது? நாலு பேர் பார்க்க, அரிசி மூட்டை மாதிரி தராசில் ஏறுங்கள் என்று ஒரு அம்மாவிடம் சொல்ல என் நாக்கு எழாது. அவர்கள் தராசைப் பார்த்துத் தயங்கினாலே போதும், "பரவாயில்லைம்மா, நீங்க உக்காருங்க" என்று நானே ஒரு எண்ணை எழுதிவிடுவேன். அதுவும் சும்மா எழுதுவேனா? வக்கீல் வீட்டு அம்மாவா, அம்பத்தைந்து. டாக்டர் அம்மாவா, அம்பத்திரண்டு. பெரிய மனிதர்கள் சிலருக்கும் இந்தச் சலுகை உண்டு. இதற்கு நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர்தான் மரியாதை எடை.

கன்னியப்பன் பம்மல் ஆள். அவனுக்கு இது பிடிக்காது. "இன்னா சார், வர்ற அம்மாங்க அல்லாம் அம்பத்தஞ்சாவே கீது? அது இன்னா சார் கணக்கு?" என்பான். "நீ சும்மா இரு" என்பேன்.

ஒரு மே மாதம். தஞ்சாவூர் விமானம். பதினாலு பயணிகள்.

அதில் ஒருவர் ரோஸ்லின் டீச்சர். கிழக்கு தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சாந்திக்குப் பத்தாவதில் கணக்கு எடுத்தவர். எங்கள் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் என்னைப் பார்த்து "பதிமூணாம் வாய்ப்பாடு தெரியுமா தம்பி?" என்று கேட்டவர். அவரைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

தஞ்சாவூரில் டீச்சருடைய தம்பி மகளுக்கு மறுநாள் சர்ச்சில் கல்யாணம். தம்பி பிளேன் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். டீச்சர் கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. மூன்று அடுக்குக் கல்யாண கேக். தாம்பரத்தில் சொல்லிச் செய்தது. பலகையோடு சேர்த்துப் பன்னிரண்டு கிலோ.

கேக்கை நிறுத்தாயிற்று. டீச்சர் தராசைப் பார்த்தார். சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தார்.

"இதுல நானும் ஏறணுமா தம்பி?"

"ஐயோ, வேண்டாம் டீச்சர். நீங்க உக்காருங்க."

அறுபது என்று எழுதினேன்.

பதினொன்றரைக்குக் கேப்டன் வந்தார். தாம்பரத்தில் ஏர்ஃபோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அதிகம் பேசமாட்டார். வெயிலைப் பார்த்தார், தெர்மாமீட்டரைப் பார்த்தார், கணக்குப் போட்டார். வெயில் ஏற ஏற விமானம் தூக்கக்கூடிய எடை குறையும். என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து கிலோ. அதுக்கு மேல ஒரு பொட்டணம்கூட ஏத்தாதே" என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண் ஓடி வந்தாள்.

பம்பாய் ஜெட் லேட். அதிலிருந்து இறங்கி, தோளில் ஒரு பையோடு, மூச்சு வாங்க வந்து நின்றாள். வயது இருபத்தைந்து இருக்கும். பெயர் வசந்தி. பம்பாயில் ஏதோ ஆபீஸில் டைப்பிஸ்ட். கையில் தஞ்சாவூர் வரைக்கும் டிக்கெட். ஆனால் எங்கள் விமானத்துக்கு மட்டும் சீட் உறுதி ஆகவில்லை. அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"சார், தஞ்சாவூர் பிளேன் போயிடுச்சா?"

"இல்லம்மா. ஆனா..."

"அம்மா இறந்துட்டாங்க சார். ஒரத்தநாடு பக்கத்துல கிராமம். நாலு மணிக்கு எடுக்கறாங்க. வெயில்ல அதுக்கு மேல வைக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. முகத்தை மட்டும் பார்த்துட்டா போதும் சார்."

மணி பன்னிரண்டு இருபது. காரில் போனால் ராத்திரி ஆகிவிடும். ரயில் மறுநாள். எங்கள் பொம்மையை விட்டால் அவளுக்கு வேறு வழியே இல்லை.

விமானத்தில் ஐந்து சீட் காலி. எடைதான் காலி இல்லை. இதை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? நான் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவள் அழவில்லை. தராசைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவளே ஏறி நின்றாள்.

"நாப்பத்தெட்டு கிலோதான் சார் நான்," என்றாள்.

பை ஆறு கிலோ. மொத்தம் ஐம்பத்துநாலு. எங்களிடம் இருந்தது பத்து.

கேப்டனைப் பார்த்தேன். "பெட்ரோலைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா சார்?"

"தஞ்சாவூர்ல இறங்க முடியலைன்னா எதை ஊத்தித் திரும்பி வர்றது?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் மனசு கேட்கவில்லை என்று தெரிந்தது.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ரோஸ்லின் டீச்சர்.

"தம்பி, எனக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"அது வந்து டீச்சர்... அறுபது."

டீச்சர் தராசுப் பக்கம் வந்தார். கைப்பையை நாற்காலியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். அத்தனை பேர் பார்க்கத் தராசில் ஏறி நின்றார். கன்னியப்பன் குண்டை நகர்த்தினான். நகர்த்தினான். இன்னும் நகர்த்தினான். எடையை என் காதோடு காதாகச் சொல்ல வந்தான்.

"சத்தமா சொல்லுப்பா," என்றார் டீச்சர்.

"எழுவத்தி நாலும்மா."

"எழுதிக்குங்க தம்பி. கணக்கையே தப்பா எழுதிட்டு விடை மட்டும் எப்படிச் சரியா வரும்?"

எனக்கு ஒன்று புரியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு இடம் இன்னும் குறையத்தானே செய்யும்? அது டீச்சருக்குத் தெரியாதா? கணக்கு டீச்சருக்கா தெரியாது! தெரிந்துதான் ஏறினார்.

அதற்கப்புறம் நடந்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மில் முதலாளி தொண்டையைச் செருமினார். "நமக்கும் கொஞ்சம் பார்த்துப் போட்டிருப்பீங்க போல. வெச்சுப் பாருங்க." அவருக்குப் பின்னால் ஒரு டாக்டர் அம்மா. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மரியாதை எடை வாங்கியவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக ஏறி இறங்கினார்கள்.

கூட்டினேன். நான் மரியாதையாகக் குறைத்திருந்தது மொத்தம் இருபத்தாறு கிலோ.

அதாவது, வசந்தி வராமலே இருந்திருந்தால்? பத்து கிலோ இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பதினாறு கிலோ அதிகமாக ஏற்றி, அந்தக் கொதிக்கிற வெயிலில் பதினாலு பேரையும் அனுப்பி வைத்திருப்பேன். கேப்டன் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை நம்பியா நான் ஏறப் போனேன்?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பதினாறும் ஐம்பத்துநாலும் எழுபது. எழுபது கிலோ இறங்கினால் வசந்தி ஏறலாம்.

"கேக்கை எடுத்துடுப்பா," என்றார் டீச்சர்.

"டீச்சர், நாளைக்குக் கல்யாணம்..."

"கேக் இல்லன்னா கல்யாணம் நின்னுடுமா? எடு."

ஒரு டைல்ஸ் கம்பெனி ரெப்ரசென்டேட்டிவ் சாம்பிள் பெட்டியை இழுத்து வந்து வைத்தார். பதினெட்டு கிலோ. அவர் போகிற வேலையே அந்தப் பெட்டிக்காகத்தான். மில் முதலாளி, மெஷினுக்கு வாங்கிய பதினைந்து கிலோ ஸ்பேர் பார்ட்டை விட்டார். மில் நின்று கிடக்கிறதாம். "ரெண்டு நாள் சேர்ந்து நிக்கட்டும்" என்றார். ஒரு காலேஜ் புரொபசர் புத்தகக் கட்டை ஒருமுறை தடவிவிட்டுக் கொடுத்தார். பதினொன்று. ஒருவர் மாம்பழக் கூடையை, ஒருவர் ஷூவை, ஒரு அம்மா எவர்சில்வர் டிபன் கேரியரை... யார் எதைக் கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை. தூண் ஓரத்தில் ஒரு கடையே விரிந்துவிட்டது. வசந்தி தன் பையையும் கொண்டுவந்து வைத்தாள். கேப்டன் அதை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அறுபத்துமூன்று வந்தது. இன்னும் ஏழு. எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். மணி ஒன்றரை.

கேப்டன் தன் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தஞ்சாவூரில் தங்கல்.

"நாளைக்கும் இதே சட்டைதான்," என்றார்.

"ஏழரை சார்!" என்று கத்தினான் கன்னியப்பன். "அர கிலோ நமக்கு மிச்சம் சார்!"

வேலி ஓரம் நின்று பார்த்தேன். ரன்வே கொதித்து அலை அலையாக ஆவி. அந்த ஆவிக்குள் எங்கள் பொம்மை ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. எழும்புமா? கன்னியப்பன் என் தோளை இறுகப் பிடித்திருந்தான். எழும்பியது! சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முதல் நாள் புல்லரித்தேனே, அது ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக, என் தாளில் இருந்தது எல்லாம் உண்மை.

திரும்பி வந்தால் மேஜை மேல் மூன்று அடுக்கு கேக். ஏறும்போது டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "வெயில்ல உருகிடும். வெட்டி எல்லாருக்கும் குடுங்க." வெட்டினோம். பெரிசின் சூப்பர்வைசர்கூடத் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எங்கள் விமானத்தைப் பொம்மை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வசந்தி போய்ச் சேர்ந்தாளா?

பதினைந்து நாள் கழித்து டீச்சரே வீட்டுக்கு வந்து சொன்னார். தஞ்சாவூரில் அவரை அழைக்கக் கல்யாண வீட்டுக் கார் வந்திருந்ததாம். முன்னால் பூ கட்டிய கார். டீச்சர் வசந்தியை அதில் ஏற்றி, "முதல்ல ஒரத்தநாடு போப்பா" என்றிருக்கிறார். டிரைவர் தயங்கினாராம். "கல்யாண வண்டிம்மா. பூவெல்லாம் கட்டியிருக்கு. சாவு வீட்டுக்கு எப்படிம்மா..."

"பூ ரெண்டு வீட்டுக்கும் ஆகும். வண்டியை எடு."

மூணே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் எல்லாம் தயார். கூட்டம் விலகி வழி விட்டிருக்கிறது. "முகத்தைப் பார்த்தா. கன்னத்தைத் தடவிக் குடுத்தா. அதுக்கப்புறம்தான் அழுதா," என்றார் டீச்சர். சாந்தி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அத்தனை பேர் முன்னாடி தராசுல ஏறினப்போ... கூச்சமா இல்லையா டீச்சர்?"

"இருந்துச்சு. அதுக்கு?" என்றார். அவ்வளவுதான் பதில்.

பிறகு தொண்ணூறுகள் வந்தன. ரோடுகள் நன்றாயின, பஸ்கள் வேகமாயின, புதுப் புது விமானக் கம்பெனிகள் முளைத்தன. எங்கள் ரூட்டுகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். ஒரு நாள் சின்னதைப் பெரிசோடு சேர்த்துவிட்டோம் என்று சர்க்குலர் வந்தது. வாலில் இருந்த பெயரின் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். நீளமான கவுன்ட்டரில் எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அங்கே ஆளை யாரும் நிறுப்பதில்லை. பெரிய விமானம் பாருங்கள், ஒருவருக்கு இத்தனை கிலோ என்று பொதுவாக ஒரு எண் போட்டுக்கொள்வார்கள். என்ன இருந்தாலும் எனக்கு அது பிடிபடவே இல்லை. எழுத வந்துவிட்டேன்.

இப்போதும் ஜெட் தலைக்கு மேலே போகும்போது அண்ணாந்து பார்க்கிறேன். வாயைப் பிளக்கத்தான் வரவில்லை. இருநூறு பேரைத் தூக்குகிற எஞ்சின் பெரிய விஷயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக, பதினாலு பேரும் ஒரு கேப்டனும் தங்கள் பாரத்தைக் குறைத்துக்கொண்டு எழும்பியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய விமானம் எது?

அன்றிலிருந்து நான் யாருக்கும் ஒரு கிலோகூடக் குறைத்து எழுதியதில்லை.

இத்தனையும் எழுதி முடித்து, வழக்கம்போல முதலில் சாந்தியிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசிவரை படித்தாள். பிறகு பேனாவைக் கேட்டாள்.

"ஆரம்பத்துல அறுபத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு நீங்க அறுபத்தெட்டுன்னுதானே சொன்னீங்க? அட்டையிலயும் அறுபத்தெட்டுதான்."

"ஊரே படிக்கப் போவுது, அதான் கொஞ்சம்..."

"மூணு கிலோ. ரோஸ்லின் டீச்சர் படிச்சா என்ன நினைப்பாங்க? அறுபத்தெட்டுன்னே போடுங்க."